ராத்தா பக்கத்துக் கடல்

சுவருக்குள் கடலைக் கட்டித் தருவது சுலைஹாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோஹாவில் ஒரு பெரிய மனிதர் குளியலறைச் சுவரில் சுறா வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார். "நீங்கள் அதைப் பார்ப்பதைவிட அது உங்களை அதிகம் பார்க்கும், பரவாயில்லையா?" என்று கேட்டு, அவரைச் சின்னச் சின்னக் கோமாளி மீன்களுக்கு இறக்கிக் கொண்டுவந்தவள் அவள். கைக்குக் கை மாறிய மூன்று ஓட்டல்களில் இன்றும் அவள் கட்டிய மீன்தொட்டிதான் சுவரில் நிற்கிறது. தன் தொட்டி எதுவும் ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். அடுத்தவர் வந்து புகழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அப்பேர்ப்பட்டவள் காயல்பட்டினத்துக்குத் திரும்பி வந்து, சொந்த வீட்டுச் சுவரிலேயே ஒரு கடலைக் கட்டியதற்குக் காரணம் பெனிட்டா கொரைரா. தூத்துக்குடியில் கடல் உயிர்களை ஆராயும் பெண். கையில் பென்சில் பருமனில் ஒரு துளைக்கருவி வைத்திருப்பாள். பழைய வீட்டைக் கண்டால் போதும், வாசலில் போய் நின்று, "உங்க சுவத்துல ஒரு ஓட்ட போட்டுக்கிடட்டுமா?" என்று கேட்பாள். பல வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சுலைஹா உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள்.

ஓட்டை விழுந்தது நடுச்சுவரில். அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு ஒரு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண்கள் இரண்டு என்றால் வீட்டின் நடுவே ஒரு சுவர் எழும்பும். சுலைஹாவின் வாப்பாவும் அப்படித்தான் எழுப்பினார். ஒரு பாதி மூத்தவள், சுலைஹா ராத்தா என்று கூப்பிடும் மொகுதூமுக்கு, மறு பாதி சுலைஹாவுக்கு. தெருவுக்கு வராமலே அக்காவும் தங்கையும் போய்வர நடுவில் ஒரு கதவு. கல்லுக்காக ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியை இடித்தார்கள். எல்லாம் முருகைக்கல், அதாவது கடலுக்குள் வளர்ந்த பவளப்பாறையை வெட்டி எடுத்து வந்து காயப்போட்ட கல். சுலைஹாவின் கணவர் சீக்கிரமே மவுத்தாகிவிட்டார். பிள்ளை இல்லை. ஆகவே அவள் பாதி, மொகுதூமின் ஒரே மகள் ஹுமைராவுக்கு என்பது எல்லோரும் அறிந்த விஷயம்.

சுவரின் தூளைக் குப்பியில் அடைத்துக்கொண்டு போன பெனிட்டா கொஞ்ச நாளில் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, நம்ம தீவுகளச் சுத்தி இப்ப ஒரு முருகைகூட உசிரோட இல்ல, தெரியும்லா? கடலு ரெண்டு தடவ வெந்து எல்லாம் வெளுத்துப் போச்சு. கடைசி வரைக்கும் கடல்ல கெடந்தது ஆழத்து முருகை. அதுக்குச் சூடு தாங்காது. சூடு தாங்குறது கரையோரத்துல இருந்துச்சு. இடுப்பளவு தண்ணியில, உச்சி வெயில்ல காஞ்சு பழகுனது."

"அது எங்க போச்சு?"

"இடுப்பளவு தண்ணின்னா யாரு வேணாலும் நடந்து போய் வெட்டிரலாம்லா? அதத்தான் மொதல்ல வெட்டுனாங்க. கெட்டியானத எல்லாம் சுவத்துல வச்சுக் கட்டிட்டு, நோஞ்சானக் கடல்ல விட்டுட்டோம்."

கதவருகே நின்ற மொகுதூம் சுவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ இந்தச் சுவரு பூரா மையித்துன்னு சொல்லுளா."

"ஆமா ராத்தா. ஆனா நல்லா அடக்கம் பண்ணி வச்சிருக்கீங்க. சுண்ணாம்பு பூசிப் பூசி உள்ள இருக்கத அப்படியே காப்பாத்தியிருக்கீங்க. அதோட வித்து எனக்குக் கெடச்சிருச்சு. ஆய்வகத்துல குஞ்சும் பொரிச்சிட்டேன்." சொல்லிவிட்டு பெனிட்டாவின் முகம் வாடியது. "நீந்துது. ஆனா எங்கயும் ஒட்ட மாட்டேங்குது. ஒரு எடத்துல ஒட்டி வேர் பிடிச்சாத்தான் அது முருகை. இல்லன்னா கொஞ்ச நாள்ல செத்துரும். பீங்கான், சிமெண்டு, கண்ணாடி எல்லாம் வச்சுப் பாத்துட்டேன். அதுக்கு அதோட தாய்க்கல்லுதான் வேணும்போல. இந்தச் சுவத்துலருந்து நாலு கல்லு தந்தீங்கன்னா…"

"கல்ல உருவுனா கூரை யாரு தலையில எறங்கும்? உன் தலையிலயா?" என்றாள் மொகுதூம்.

சுலைஹா இதற்குள் சுவரைக் கண்ணாலேயே அளந்து முடித்திருந்தாள். "கல்லு கடலுக்குப் போக வேணாம். கடலு இங்க வரட்டும்" என்றாள்.

அவள் போட்ட கணக்கு எளிது. சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு பக்கமும் கண்ணாடி எழும்பும். நடுவில் கடல்நீர். சுவர் முதுகெலும்பு மாதிரி தண்ணீருக்குள் நிற்க, இரண்டு வீட்டிலிருந்தும் கடலைப் பார்க்கலாம்.

"ஹுமைராக்கு அடுத்த வருஷம் கல்யாணம்" என்று மொகுதூம் நினைவுபடுத்தினாள். ஒரே வார்த்தையில் அவளுடைய பயம் முழுவதும் இருந்தது.

"அதுக்குள்ள முடிஞ்சிரும் ராத்தா. ஒரே வருஷம். குஞ்சு ஒட்டி வளந்ததும் பெனிட்டா கொண்டுபோயிருவா. கண்ணாடியக் கழட்டி, சுவரத் தொடச்சு, என் பாதியத் துப்புரவா ஹுமைரா கையில தாரேன். நான் சொல்லி எது நடக்காமப் போயிருக்கு?"

மொகுதூம் சோறு வடிக்க உள்ளே போனாள். அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

முதல் வேலை கூரைக்கு. சுவருக்கு இரண்டு பக்கமும் இரும்பு உத்திரம் கொடுத்ததும், கூரையின் பாரத்தைத் தன் தலையிலிருந்து இறக்கிவைத்துக்கொண்டது சுவர். பிறகு சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். சொந்தத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பூச்சு: வெள்ளை, நீலம், பச்சை, மறுபடி வெள்ளை. எல்லாம் உதிர்ந்தபின் கல்லின் நிஜ முகம் தெரிந்தது; நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள். உள்ளங்கை கனத்தில் அக்ரிலிக் பலகைகள் சென்னையிலிருந்து லாரியில் வந்து இறங்கின. தெருவோ ஆட்டோ திரும்பவே இடமில்லாத தெரு. பதினாறு பேர் பலகையைத் தோளில் சுமந்து முடுக்கு முடுக்காகத் திரும்ப, சுலைஹா முன்னால் நடந்து, மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை எல்லாம் கயிறு பிடிக்கச் சொன்னாள். தண்ணீரை நிரப்பினாள், கல்லிலிருந்து சுண்ணாம்பு கரைந்தது, வடித்தாள், மறுபடி நிரப்பினாள். தண்ணீர் அடங்கி வரும்வரை விடவில்லை.

அவள் சமையலறை பம்புகளுக்கும் உப்பு மூட்டைகளுக்கும் போயிற்று. சாப்பாடு ராத்தா வீட்டில். பம்புகளைச் சத்தமே இல்லாமல் ஓடவைப்பது அவளுடைய தனிப் பெருமை. ரப்பர் மெத்தை, வளைவில்லாத குழாய், அடியில் மணல் என்று அடக்கி அடக்கி, கடைசியில் தொட்டிமேல் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காத நிலைக்குக் கொண்டுவந்தாள். "என் கடலு மூச்சுகூட விடாது" என்று பெனிட்டாவிடம் பீற்றிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. நடுச்சுவரோடு நடுக்கதவும் தண்ணீருக்குள் போய்விட்டது. கதவுச் சட்டத்தைக் கழற்றிய இடைவெளியில் மீன்கள் ராத்தா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் சாவகாசமாகப் போய்வந்தன. அக்காவும் தங்கையும்தான் போக முடியவில்லை. அந்த இடைவெளி வழியாகக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம், கையை ஆட்டலாம், பேச்சு கேட்காது. ஒரு வாய் சோற்றுக்குக்கூட சுலைஹா தெருவைச் சுற்றிப் போகவேண்டியிருந்தது.

முதல் தொகுதிக் குஞ்சுகள் வந்தது நோன்பு மாதத்தில். பெனிட்டா ஐஸ் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் காரில் வந்தாள். மாலையில் தண்ணீரில் விட்டார்கள். கண்ணுக்கு அவை தவிட்டுப் பொடிதான். சில நாள் கழித்து உருப்பெருக்கியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, கல்லில் வரிசை வரிசையாகப் பழுப்பு மொட்டுகள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. சுலைஹா பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். மொகுதூம் பக்கத்திலோ இடமே இல்லாத அளவு.

"உங்க ராத்தா பக்கத்துக் கல்லுதான் அசல்" என்றாள் பெனிட்டா.

தண்ணீரை மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். கடலைக் கொன்ற அதே சூடு. மொட்டுகள் வெளுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் அகலமாக விரிந்தன. பெனிட்டா தரையில் உட்கார்ந்து அழுதாள். சுலைஹாவுக்கும் கண் கலங்கியது, ஆனால் கண்ணாடியைத் துடைப்பது மாதிரித் திரும்பிக்கொண்டாள். தன் வாழ்நாளில் கட்டிய தொட்டிகளிலேயே உருப்படியானது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அது உண்மையும்கூட.

இரண்டாவது தொகுதி பெருநாள் முடிந்து வந்தது. அதே தண்ணீர், அதே சூடு, அதே சுவர். ஒரு குஞ்சுகூட ஒட்டவில்லை. எல்லாம் நீந்தி நீந்திச் செத்தன.

"கல்லு நிறைஞ்சு போச்சுக்கா. பழைய மொட்டு எடத்தப் பிடிச்சிருச்சு. புதுக் குஞ்சுக்குப் புதுக் கல்லு வேணும்" என்று சுலைஹாவிடம் சொன்ன பெனிட்டா, அதையே தன் மேலிடத்துக்கும் எழுதினாள். அவள் எழுதியது அவ்வளவுதான். மேலிடம் படித்தது வேறு.

கடல் மீட்பு வாரியத்திலிருந்து வைகுண்டராஜ் என்ற அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். மொட்டுகள் நிறைந்த மொகுதூம் வீட்டுப் பக்கம்தான் போனார், செருப்பை வாசலிலேயே கழற்றினார். கண்ணாடியோரம் நடந்து நடந்து சுவரைப் பார்த்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு தீவ மீட்கணும்னாகூட ஆயிரக்கணக்குல கல்லு வேணும்மா. அந்தக் கல்லு உங்க ஊரு வீடுகள்ல மட்டும்தான் இருக்கு. எல்லாத்தையும் அளந்தாச்சு. வீட்டுக்கு வீடு புதுசா கட்டிக் குடுத்துருவோம். இதவிட நல்லாவே."

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து மொகுதூமின் குரல் வந்தது. "எங்க கட்டுவீங்க?"

"பைபாஸ் பக்கத்துல. அடுக்குமாடி."

"எங்க தெருவுல உம்மா வீட்டுலருந்து மக வீட்டுக்கு, அங்கருந்து பேத்தி வீட்டுக்கு உள்ளுக்குள்ளயே போயிட்டு வருவோம். அடுக்குமாடியில ஏணி வச்சு ஏறணுமா?"

அவர் சிரிக்கவில்லை. "எங்க அப்பா மீன்பிடிச்சவரு. அவரு கட்டுமரம் வீட்டு முத்தத்துல அடுப்புக்குப் போச்சு. கடலே செத்தப்புறம் கரைய வச்சு என்னம்மா பண்ணப் போறோம்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் சுலைஹாவை வாட்டியது. பிழை இருந்தால் அவள் ஒரு பிடி பிடித்திருப்பாள்.

செய்தி ஊருக்குள் பரவ ஒரு பகல் போதுமாயிருந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் சுலைஹா வாசலில் வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குத் திட்டியிருக்கலாம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமாம். பெண்ணுக்கு வீடு எதுவென்று தெரிந்தபிறகு நாள் குறிக்கலாமாம்.

மொகுதூம் பட்டப்பகலில் தெருவைச் சுற்றித் தங்கை வீட்டுக்கு வந்தாள். அவள் தெருவில் நடந்து பார்த்தே வருடங்கள் ஆகியிருந்தன.

"என் மவளுக்கு ஒரு பாதி வீட்டத் தாரேன்னு சொன்ன. இப்ப ஊருல உள்ள எல்லாப் பொண்ணு வீட்டையும் வாரிக் குடுத்துட்டு நிக்கிற. சந்தோசமா?"

"ராத்தா, நான் பாத்துக்கிடுதேன்."

"எத? மீனையா?" என்றாள் மொகுதூம். அதன்பிறகு அவள் தங்கையோடு பேசவில்லை. சோறு மட்டும் வேளை தவறாமல் ஹுமைரா கையில் வந்தது. ஹுமைரா, வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண், எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு பக்கத்துச் செய்தியையும் சுமந்தாள்.

சுலைஹா தொட்டியின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். ஒரு கல்லில் முதலில் ஒட்டியது, பிறகு ஒட்டவில்லை. கல் நிறைந்துவிட்டது என்று பெனிட்டா சொல்கிறாள். ஆனால் தன் பக்கத்துக் கல் முக்கால்வாசி வெறுமையாகத்தானே இருக்கிறது? தொட்டி கட்டுகிறவளுக்குக் கல்லின்மேல் சந்தேகம் வராது, பம்பின்மேல்தான் வரும். நடுவில் ஒரு பம்பை மாற்றியிருந்தாள். அதன் அதிர்வு குஞ்சுகளை விரட்டுகிறதோ என்று நீருக்கடியில் பிடிக்கும் மைக்கை இறக்கிக் கேட்டாள். ஒன்றுமில்லை. அவள் பீற்றிக்கொண்ட அதே அமைதி.

ஒப்பிட்டுப் பார்க்க, முதல் தொகுதியின்போது தொட்டிக்குள் வைத்த காமிரா பிடித்திருந்ததைப் போட்டாள். அதில் ஒரே சடசடப்பு.

மைக் பழுது என்று நினைத்தாள். வேறொரு நாளின் பதிவைப் போட்டாள். அதிலும் சடசடவென்று, மழை தகரத்தில் விழுவதுபோல. காலையில் இல்லை, மதியம் இல்லை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கியது. ஏறிக்கொண்டே போயிற்று. அதற்குள் தூரத்தில் மெலிதாகப் பள்ளிவாசலின் அந்திநேர மஃரிப் பாங்கு கேட்டது. பாங்கு தொடங்கியதும் சடசடப்பு கப்பென்று நின்றது.

எந்தப் பம்பு பாங்கு சொன்னதும் நிற்கும்?

சுலைஹா வாய்விட்டுச் சிரித்தாள். தனியாக உட்கார்ந்து சிரிப்பது நன்றாக இராது என்று தெரிந்தும் சிரித்தாள். வருடம் முழுக்க மொகுதூமின் சமையல் பின்கட்டில்தான். நோன்பு மாதத்தில் மட்டும் நடுச்சுவரை ஒட்டிய அறையில் பெரிய அடுப்பு மூட்டி, தன் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் சேர்த்து இறால் வாடா பொரிப்பாள். மாவுக்குள் இறாலும் தேங்காயும் வைத்துத் தட்டி, கொதிக்கும் எண்ணெயில் போடுவது. நோன்பு திறக்கும்வரை பொரியும், திறந்ததும் அடுப்பு அணையும்.

பெனிட்டாவுக்குப் போன் போட்டாள். "உசிரோட இருக்க முருகைத் திட்டு என்னளா சத்தம் போடும்?"

"சத்தமா? அதுல வாழுற சின்ன எறாலு இருக்கும்லா, கொடுக்கச் சொடுக்கிக்கிட்டே இருக்கும். லட்சக்கணக்குல. ஆதிகாலத்துல பதிஞ்சது எங்கிட்ட இருக்கு."

"போடு, கேக்குதேன்."

போனுக்குள் எண்ணெய் பொரிந்தது.

சுலைஹா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பெனிட்டாதான் மெல்ல ஆரம்பித்தாள். "குஞ்சுக்குக் கண்ணு கிடையாதுக்கா. சத்தம் கேக்குற திசையில போகும்னு படிச்சிருக்கேன். கலகலன்னு இருந்தா அங்க வாழலாம்னு அர்த்தம். அமைதியா இருந்தா அது சுடுகாடு. இப்ப கடலே அமைதியா இருக்கதால யாருக்கும் அது யோசனையிலயே வரல. எங்க ஆய்வகமும் அமைதி."

"என் தொட்டிதான் எல்லாத்தையும்விட அமைதி" என்றாள் சுலைஹா. தன் பெருமையே தன் காலை வாரிவிட்டதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அவள் அதிக நேரம் ஒதுக்கவில்லை. வேலை இருந்தது.

வைகுண்டராஜை மறுபடி வரவழைத்தாள். அவர் ஒப்பந்தக்காரர் ஒருவரையும் சுவர் இடிக்கும் மதிப்பீட்டோடு கூட்டிவந்திருந்தார். அடுத்த வாரம் முதல் தெருவில் வேலை தொடங்குவதாக இருந்தது. சுலைஹா தொட்டிக்குள் ராத்தா பக்கமாக வெறும் சிமெண்டு ஓடுகளை அடுக்கியிருந்தாள். கடையில் விற்கிற ஓடு. முருகையின் வாசனைகூடப் படாதது. பெனிட்டா மூன்றாவது தொகுதிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டாள்.

ஹுமைரா தூது போனாள். "உம்மா, சாச்சி உங்கள வாடா பொரிக்கச் சொல்லுறாங்க."

"நோன்புமில்ல, பெருநாளுமில்ல. யாரு திங்க?"

"கடலு கேக்குதாம்."

மொகுதூம் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் முந்தியைச் செருகிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். என்ன கோபமிருந்தாலும், வாடா என்று வந்துவிட்டால் அவளை அடிக்க ஊரில் ஆளில்லை.

அன்று பொரித்தாள், மறுநாளும் பொரித்தாள், அதற்கு மறுநாளும் பொரித்தாள். பொரித்ததையெல்லாம் வாரியத்து ஆட்களும் ஒப்பந்தக்காரரும் தெருக்காரர்களும் தின்று தீர்த்தார்கள். குஞ்சுகள் சடசடப்பைக் கேட்டுச் சுவரோரம் வந்து கூடியதை உருப்பெருக்கியில் வைகுண்டராஜே பார்த்தார். கடைசி நாள் ஓடுகளை வெளியே எடுத்தபோது, வெறும் சிமெண்டில் பழுப்பு மொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவர் கையிலிருந்த வாடாவைக் கடிக்க மறந்தார்.

"அப்போ கல்லு வேணாமா?"

"வேணாம் சார். சிமெண்டு ஓடு போதும். கூட கொஞ்சம் சத்தம்" என்றாள் பெனிட்டா.

ஒப்பந்தக்காரர் தன் மதிப்பீட்டைச் சுருட்டிக்கொண்டார். வைகுண்டராஜ் போகும்போது திரைப்பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். வாடாவையா, வேறெதையாவதா என்று அவர் சொல்லவில்லை. அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. இந்தமுறை முகம் நிறையச் சிரிப்போடு.

தெருவே சுலைஹாவைக் கொண்டாடியது. மொகுதூம் மட்டும் பேசவில்லை. அவளுக்குக் கோபம் வரத் தாமதமாகும், போக அதைவிடத் தாமதமாகும்.

வாரியம் ஒரு தீவைத் தேர்ந்தெடுத்தது. ஓடுகளில் ஒட்டிய முருகைகளை அங்கே இறக்கி, பக்கத்திலேயே நீருக்கடி ஒலிபெருக்கிகள் வைப்பது திட்டம். இறால்களும் மீன்களும் திரும்பி வந்து தாங்களே சத்தம் போடும்வரை, ஒவ்வொரு மாலையும் அங்கே பதிவு ஓடவேண்டும். பழங்காலப் பதிவைத்தான் பெனிட்டா முதலில் போட்டுப் பார்த்தாள். குஞ்சுகள் அதற்கும் வந்தன, ஆனால் வாடாவுக்கு வந்த கூட்டம் வரவில்லை. ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, ருசி கண்ட பூனையை மாற்றவா முடியும் என்றாள் சுலைஹா. ஆகவே சுவர் வழியாக, தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, மொகுதூமின் அடுப்பைப் பதிவுசெய்தார்கள்.

"சுவருக்குக் காதிருக்கு, பேசாமப் பொரிக்கச் சொல்லு" என்று ஹுமைராவிடம் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தாள் சுலைஹா. மொகுதூமை யாராவது பேசாமலிருக்கச் செய்துவிட முடியுமா?

மறுநாள் பிற்பகல் பெனிட்டா சுலைஹா வீட்டில் உட்கார்ந்து பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு அப்பால் மொகுதூம் அன்றைய பதிவுக்காக மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நடுவுல பேச்சு வருது. வெட்டிரவா?"

சுலைஹா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சடசடப்புக்கு நடுவே, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ராத்தாவின் குரல் கேட்டது. நெடுநாள் கழித்து அவள் கேட்கும் குரல்.

"…உங்க சாச்சி பாதி உனக்கு வேணாம். மாப்புள வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன். நம்ம பாதியிலயே குறுக்க ஒரு சுவரு எழுப்பித் தாரேன், எனக்கு ஒரு ரூம்பு போதும். அவ பாதி அவளுக்கு இருக்கட்டும். கண்ணாடியும் இருக்கட்டும். அத எடுத்துட்டா அவ கையில என்ன இருக்கு? ஒத்தயில நிக்கிறவ. வாயி மட்டும்தான் பெருசு."

பிறகு ஹுமைராவின் குரல், "அத அவங்ககிட்டயே சொல்லலாம்ல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவ வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அந்தத் தட்ட எடு, கருகுது."

சுலைஹா அந்த இடத்தைத் திருப்பி இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள். தான் ஊரையே காப்பாற்றியதாக மிதப்பில் இருந்த நாட்களில், ராத்தா சத்தமில்லாமல் தன்னைக் காப்பாற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறாள். கண்ணீர் வந்தது. இந்தமுறை கண்ணாடியைத் துடைப்பதுபோல நடிக்கவில்லை.

"வெட்டாத" என்றாள்.

"கடலுக்குள்ள போய் இந்தப் பேச்சு எதுக்குக்கா?"

"அது பேசிப் பேசிப் பொரிச்சப்பதான் குஞ்சு வந்துச்சு. வாய மூடிக்கிட்டா அது பொரிச்சுது? பழைய பதிவுக்குக் கூட்டம் வரலல்லா? அப்போ செய்முறையில கை வைக்கக் கூடாது."

இது அறிவியலா சமாளிப்பா என்று பெனிட்டா அவள் முகத்தைப் பார்த்தாள். வெட்டும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

சுலைஹா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி ராத்தா வீட்டுக்குள் போனாள். மொகுதூம் முதல் வாடாவை எண்ணெயில் நழுவவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ராத்தா, தப்பு என்னோடதுதான். மன்னிச்சிரு. என் பாதி ஹுமைராக்குத்தான். உன் பாதியில ஒரு சுவரும் எழுப்பக் கூடாது. நான் இங்க வந்து உன்கூட இருந்துக்கிடுதேன்."

மொகுதூமின் கரண்டி நின்றது. "என் பாதியில நான் சுவரு எழுப்புவேன், எழுப்பாமப் போவேன், உனக்கு யாருளா சொன்னது?"

"யாரோ சொன்னாங்க."

"உன் பாதிய இப்ப யாரு கேட்டா? குடுத்தத வாங்கிக்கிட்டுப் போகத் தெரியாதா?"

"உனக்குக் குடுக்கத்தான் தெரியுமா? எனக்குத் தெரியாதா?"

"நீ குடுத்த லட்சணத்த ஊரே பாத்துச்சு!"

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இத்தனை மாதம் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. எண்ணெய் கொதித்தது, வாடாக்கள் சடசடவென்று பொங்கின, ஹுமைரா புத்தகத்தை மூடிவிட்டு வந்து தட்டைப் பிடித்தாள். ராத்தாவின் சத்தம் காதில் விழ விழச் சுலைஹாவுக்கு வீட்டுக்குள் வந்த நிறைவு. பதிலுக்குப் பதில் இன்னும் உரக்கச் சொன்னாள்.

பேச்சுக்கு நடுவே ஒரு தரம் அவள் கண் தொட்டிப் பக்கம் போயிற்று. மீன்களுக்கு அப்பால், முருகைகளுக்கு அப்பால், பழைய கதவு இடைவெளியில், தன் வீட்டுப் பக்கத்தில் பெனிட்டா ஹெட்போனோடு சிரித்துக்கொண்டே குனிந்து பதிவுப் பொத்தானை அழுத்துவது தண்ணீர் வழியாகத் தெரிந்தது.